தொழிற்சங்கத்தைப் பதிவு செய்து, முதல் ஒப்பந்தம் வரை வந்த அனுபவம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் ஷாப் ஆபரேட்டராக இருக்கிறேன். எங்கள் ஆலையில் 2024ஆம் ஆண்டு சங்கம் அமைத்துப் பதிவுக்கு விண்ணப்பித்ததிலிருந்து, 2025இல் நிர்வாகத்துடன் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது வரை, செயலாளர் என்ற முறையில் சங்கத்தின் காகிதங்கள் அனைத்தும் என் கை வழியாகவே சென்றன. பக்கத்து ஆலைகளில் சங்கம் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, “பதிவு நம்பர் வந்த பிறகுதானே நாம் எதையும் பேச முடியும்?” என்ற கேள்விதான். அப்படியில்லை. எந்த மனுவை எதற்கு முன்பாகக் கொடுக்கிறோம் என்பதில்தான் இந்த வேலையின் பாதி அடங்கியிருக்கிறது.

நாங்கள் இதைச் செய்தபோது 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமும் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டமும் நடைமுறையில் இருந்தன. 2025 நவம்பர் 21 முதல் அவற்றின் இடத்திற்குத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்துவிட்டதால், பிரிவு எண்களை இனிப் புதிய சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அலுவலகங்களும் நிர்வாகங்களும் நடந்துகொள்ளும் விதம் சட்டத்தின் பெயர் மாறியதால் மட்டும் மாறிவிடப் போவதில்லை.

சம்பளம் குறைவு என்பது எல்லோருக்கும் இருந்த மனக்குறை என்றாலும், ஆட்களை ஒன்றாக உட்கார வைத்தது அது அல்ல. பவர் பிரஸ்ஸில் இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் டை (தகட்டை அழுத்தி வடிவமைக்கும் அச்சு) இறங்கும்படி இரண்டு பட்டன்கள் இருக்கும். கை உள்ளே இருக்கும்போது மிஷின் இறங்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. எங்கள் ஷாப்பில் உற்பத்தி எண்ணிக்கை வரவில்லை என்று ஒரு பட்டனைக் கம்பியால் கட்டி நிரந்தரமாக அழுத்தி வைத்திருந்தார்கள். இரவு ஷிப்டில் ஒரு டிரெய்னி இரண்டு விரல்களை இழந்தான். மறுநாள் காலை நாங்கள் வேலைக்குச் சென்றபோது அந்தக் கம்பி அவிழ்க்கப்பட்டிருந்தது. அவன் பெயர் ஷிப்ட் பட்டியலிலேயே இல்லை. அந்த வாரக் கடைசியில் மாத்தூரில் ஒரு வாடகை வீட்டு மொட்டை மாடியில் கூடினோம்.

உறுப்பினர் சேர்ப்பில் முதலில் வந்த சிக்கல் எண்ணிக்கை பற்றியது. தொழிற்சங்கச் சட்டத்தின் 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒரு நிறுவனத்தில் வேலை செய்யும் தொழிலாளர்களில் 10 சதவீதம் பேர் அல்லது 100 பேர், இவற்றில் எது குறைவோ அத்தனை பேராவது விண்ணப்பிக்கும் நாளில் உறுப்பினராக இருக்க வேண்டும். எப்படியானாலும் ஏழு பேருக்குக் குறையக் கூடாது. இந்த விதி புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. எங்கள் ஆலையில் நிரந்தரத் தொழிலாளர் ஏறத்தாழ 400 பேர். டிரெய்னிகளையும் கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்தால் அது இரு மடங்காகும். பத்து சதவீதத்தை எந்த எண்ணிக்கையிலிருந்து கணக்கிடுவது என்று நிர்வாகம் பின்னால் வாதம் செய்யும் என்பது தெரிந்ததே. ஆகவே அந்த வாதத்திற்கே இடம் கொடுக்காமல், நிரந்தரத் தொழிலாளர்களில் மட்டும் 100 பேருக்கு மேல் சேர்த்த பிறகே விண்ணப்பத்தைத் தொட்டோம். நூறு பேர் இருந்துவிட்டால் சதவீதக் கணக்கு எதுவும் தேவைப்படாது.

படிவம் நிரப்புவது எளிது என்று நினைத்தவர்களுக்கு முகவரிக் கட்டம் பாடம் புகட்டியது. எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர் பக்கத்திலிருந்து வந்து அறைக்கு ஐந்தாறு பேராகத் தங்கியிருப்பவர்கள். ஆதாரில் ஊர் முகவரி, கம்பெனிப் பதிவேட்டில் பழைய அறையின் முகவரி, இப்போது இருப்பது வேறோர் அறை. மூன்றும் மூன்று விதமாக இருந்தால் சரிபார்ப்பில் ஆட்சேபம் வரும் என்பதால், ஊர் முகவரி, இப்போதைய முகவரி, பணியாளர் எண் மூன்றையும் எல்லோரிடமும் ஒரே மாதிரி எழுதி வாங்கினோம். கம்பெனி பஸ்ஸில் படிவத்தை நீட்டுவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்திருந்தோம். வாட்ஸ்அப் குழுவும் வைக்கவில்லை.

அடுத்தது கையெழுத்து. விண்ணப்பத்தில் ஏழு பேர் கையெழுத்திட்டால் போதும் என்றுதான் சட்டம் சொல்கிறது. எங்களுக்கு வழிகாட்டிய மூத்த தோழர் ஒருவர், நாற்பது ஆண்டுகளாக இந்த வேலையே செய்தவர், “ஏழோடு நிறுத்தாதீங்க தம்பி, இருபது பேர் போடுங்க” என்றார். காரணம் தொழிற்சங்கச் சட்டத்தின் நான்காம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் இருந்தது: விண்ணப்பித்த பிறகு, கையெழுத்திட்டவர்களில் பாதிக்கு மேற்படாதவர்கள் விலகினாலும் விண்ணப்பம் செல்லாததாகிவிடாது. ஏழு பேரில் நான்கு பேரை மிரட்டி விலக வைப்பது ஒரு ஹெச்.ஆர். அதிகாரிக்கு ஒரு மதிய வேளை வேலை. இருபது பேரில் பதினொரு பேரை விலக வைப்பது அப்படியல்ல. சங்க விதிகளை எழுதும்போதும் அவரே உட்கார்ந்து, நிதியை எதற்குச் செலவிடலாம், உறுப்பினர் பட்டியலை யார் பார்க்கலாம், ஆண்டுத் தணிக்கை, நிர்வாகிகள் தேர்தல், சங்கத்தைக் கலைக்கும் முறை என ஆறாம் பிரிவு கேட்கும் ஒவ்வொன்றும் வந்திருக்கிறதா என்று விரல் வைத்துப் படித்துச் சரிபார்த்தார். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் பதிவாளர் திருப்பி அனுப்ப அது போதுமான காரணமாகும்.

விண்ணப்பம் கொடுத்த சில வாரங்களில் நிர்வாகத்திடமிருந்து பதிவாளருக்கு ஒரு கட்டு விலகல் கடிதங்கள் சென்றன. “என்னை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், நான் சுயநினைவுடன் விலகுகிறேன்” என்று எல்லாக் கடிதங்களும் சொல்லிவைத்தாற்போல ஒரே வாசகத்தில் இருந்தன. ‘சுயநினைவுடன்’ என்ற சொல்லில் எல்லாக் கடிதங்களிலும் ‘நி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘னி’யும், அதை அடுத்து ஒரு மூன்று சுழி ‘ணை’யும் விழுந்திருந்தன. இத்தனை பேர் தனித்தனியாக வீட்டில் உட்கார்ந்து எழுதிய கடிதங்களில் ஒரே எழுத்துப் பிழை எப்படி வந்தது என்று கேட்டு, பிழையைச் சிவப்பு மையில் வட்டமிட்ட நகல்களோடு பதில் கொடுத்தோம். கடிதம் கொடுத்தவர்களில் பலர் நேரில் வந்து, ஷிப்ட் முடிந்ததும் அலுவலக அறையில் உட்கார வைத்து எழுதி வாங்கியதாக எழுத்தில் தந்தார்கள். அவர்கள் மீது யாரும் கோபப்படவில்லை; வீட்டுக் கடனும் குழந்தையின் பள்ளிக் கட்டணமும் இருக்கிறவனுக்கு அந்த அறையில் உட்காருவது என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

இதற்குப் பிறகும் சான்று வரவில்லை. பதிவாளர் இத்தனை நாளுக்குள் முடிவெடுத்தாக வேண்டும் என்று பழைய சட்டத்தில் காலக்கெடு எதுவும் கிடையாது. நிர்வாகத்திடம் கருத்துக் கேட்டிருக்கிறோம், கோப்பு மேலே போயிருக்கிறது என்ற பதில்களே வந்தன. அதே காலத்தில்தான் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கி 37 நாட்கள் நடந்தது. அவர்களுடைய சங்கத்தின் பதிவு விண்ணப்பமும் கிடப்பில்தான் இருந்தது. சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் வரலாமா என்பது வரை ஆட்சேபங்கள் எழுந்து, விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்று, 2025 ஜனவரி 27 அன்று சங்கம் பதிவாயிற்று. எங்கள் சான்று அதன் பின் தாமதமின்றி வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று என்னிடம் கேட்டால், உண்டு என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்த இடைக்காலத்தில் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. தொழில் தகராறு எழுப்புவதற்குப் பதிவு பெற்ற சங்கம்தான் வேண்டும் என்பதில்லை. கணிசமான எண்ணிக்கையில் தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்து எழுப்பினாலும் அது தொழில் தகராறுதான். ஆகவே பதிவு நிலுவையில் இருந்தபோதே பொதுக்குழுவைக் கூட்டி, கோரிக்கைப் பட்டியலை நிறைவேற்றி, கலந்துகொண்டவர்களின் கையெழுத்துகளோடு நிர்வாகத்துக்கு அனுப்பினோம். பதில் இல்லை என்றதும் தொழிலாளர் உதவி ஆணையரிடம் மனுக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் போட்டு வாங்கினோம். அவர் இரு தரப்புக்கும் அழைப்பு அனுப்பி, சமரச நடவடிக்கை தொடங்கியது.

எங்களைக் காப்பாற்றியது இந்த வரிசைதான். சமரசம் நிலுவையில் இருக்கும்போது, தகராறில் உள்ள விஷயங்களில் பணி நிலைமைகளைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றக் கூடாது. தகராறோடு தொடர்புடைய குற்றச்சாட்டுக்காக ஒருவரை வேலைநீக்கம் செய்வதென்றால் சமரச அலுவலரின் எழுத்து மூலமான முன் அனுமதி வேண்டும் என்று தொழில் தகராறு சட்டத்தின் 33ஆம் பிரிவு கட்டுப்படுத்தியது. கறுப்புப் பட்டை அணிந்ததற்காகத் தலைவரையும் பொருளாளரையும் தற்காலிகப் பணிநீக்கம் செய்து, சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் குறிப்பாணை) கொடுத்து, உள்விசாரணையும் நடத்தினார்கள். விசாரணை அதிகாரி குற்றம் நிரூபணமானதாக அறிக்கையும் கொடுத்துவிட்டார். ஆனாலும் வெளியே அனுப்பும் உத்தரவைப் போட முடியவில்லை. மனுவை ஒரு மாதம் தள்ளிக் கொடுத்திருந்தால் இருவரும் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்திக்கொண்டிருப்பார்கள்.

தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்தவர்களுக்குத் தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுப் பிழைப்பூதியச் சட்டம் கைகொடுத்தது. முதல் 90 நாட்களுக்கு ஊதியத்தில் 50 சதவீதம், அடுத்த 90 நாட்களுக்கு 75 சதவீதம், 180 நாட்களுக்கு மேல் முழு ஊதியம். பலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரிவதில்லை. பாதிச் சம்பளம் வரும் என்பது தெரிந்தால் வீட்டில் இருப்பவர்களின் பயம் பாதியாகக் குறையும். எங்கள் தலைவரின் மனைவியிடம் இதை நாங்கள் முதல் நாளே போய்ச் சொன்னோம். மீதிப் பாதிக்குச் சங்கத்தில் வசூல் செய்தோம்.

கேட்டுக்கு அருகில் கூட்டம் போடக் கூடாது என்று நிர்வாகம் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. வாயிற்கூட்டத்தை 200 மீட்டர் தள்ளி டீக்கடைக்கு எதிரே மாற்றிக்கொண்டோம். இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் வாடியா மீதும் மற்றவர்கள் மீதும், வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டினார்கள் என்று ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையாணையும் பெற்றது. அந்த வழக்குக்குப் பிறகுதான் என்.எம். ஜோஷி 1921இல் மத்திய சட்டசபையில் தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கோரித் தீர்மானம் கொண்டுவந்தார். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அத்தகைய உரிமையியல் வழக்குகளிலிருந்து பதிவு பெற்ற சங்கத்துக்குப் பாதுகாப்பு அளித்தது. எங்கள் மீது நட்ட ஈடு கேட்டு வழக்கு வராமல், இத்தனை மீட்டர் தள்ளி நில் என்ற ஆணையோடு நின்றது இதனால்தான் என்று எங்கள் வழக்கறிஞர் சொன்னார்.

சான்று வந்ததும் எல்லாம் கிடைத்துவிடும் என்று எங்கள் உறுப்பினர்கள் எதிர்பார்த்தார்கள். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கலாம், வழக்குத் தொடுக்கலாம். தொழிலாளர் எண்ணிக்கையில் 1 சதவீதம் என்ற கணக்கில், குறைந்தது 5 பேரைப் பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்களாக (தகராறு நிலுவையில் இருக்கும்போது முன் அனுமதியின்றி வேலையிலிருந்து நீக்க முடியாதவர்களாக) ஏற்கும்படி பெயர் கொடுக்கலாம். ஆனால் பதிவு பெற்ற சங்கத்தை நிர்வாகம் அங்கீகரித்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் எதுவும் இருக்கவில்லை. மகாராஷ்டிரத்தில் அதற்கென 1971ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. புதிய தொகுப்பில் வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு பெற்ற சங்கம் பேச்சுவார்த்தைச் சங்கமாகும் என்ற ஏற்பாடு வந்திருப்பது இந்த வகையில் முன்னேற்றம் என்றாலும், நூறு பேரோடு தொடங்கும் சங்கம் பாதிக்கு மேல் எட்டும் வரை என்ன செய்வது என்ற கேள்வி அங்கேயும் நிற்கிறது.

சமரசப் பேச்சின் முதல் சில அமர்வுகளில் நிர்வாகத் தரப்பு எங்களோடு ஒரே மேசையில் உட்கார மறுத்தது. அவர்கள் ஓர் அறையிலும் நாங்கள் வராந்தாவிலுமாக இருக்க, உதவி ஆணையர் ஒரே தாளை எடுத்துக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தார். அதன் பிறகு வந்தவர்களுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. “மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்” என்று அவகாசம் கேட்பதோடு அமர்வு முடிந்துவிடும். இதற்கு நாங்கள் கண்ட ஒரே மருந்து, ஒவ்வொரு அமர்விலும் யார் வந்தார், என்ன சொன்னார், எதற்காக அவகாசம் கேட்டார் என்பதை அன்றே எழுதி, நடவடிக்கைக் குறிப்பில் பதிய வைப்பதுதான். குறிப்புகள் சேரச் சேர, முறிவறிக்கை (சமரசம் தோற்றுவிட்டதாக உதவி ஆணையர் அரசுக்கு அனுப்பும் அறிக்கை) போனால் அரசு எதைப் படிக்கும் என்பது அவர்களுக்கும் புரிந்தது.

இதற்கிடையில் நிர்வாகம் தானே ஒரு தொழிலாளர் குழுவை அமைத்து, அதோடு ஊதிய உயர்வு ஒப்பந்தம் போட முனைந்தது. தொகை எங்கள் கோரிக்கைக்கு மிகத் தூரத்தில் இல்லை என்பதால் உறுப்பினர்களிலேயே சிலர், யார் கையெழுத்திட்டால் என்ன என்றார்கள். தொழில் தகராறு சட்டத்தின் 18(1) பிரிவின்படி இரு தரப்பும் நேரடியாகப் போடும் ஒப்பந்தம் கையெழுத்திட்ட தரப்பினரை மட்டுமே கட்டுப்படுத்தும். சமரச அலுவலர் முன்னிலையில் போடும் 12(3) ஒப்பந்தமோ ஆலையில் உள்ள எல்லாத் தொழிலாளர்களுக்கும், நாளை சேரப்போகிறவர்களுக்கும் பொருந்தும். இதை ஷிப்ட் வாரியாக விளக்கிச் சொல்லவே எங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. குழுவின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோது பெரும்பாலோர் மறுத்ததால்தான் நிர்வாகம் மறுபடி சமரச மேசைக்கு வந்தது.

ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்கானது. ஊதிய உயர்வில் நாங்கள் கேட்டதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தது. தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்த இருவரும் வேலைக்குத் திரும்பினார்கள். பிரஸ் ஷாப்பில் பாதுகாப்புக் குழு அமைக்கவும், அதில் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்கவும் ஒப்புக்கொண்டார்கள். பட்டனைக் கட்டி வைத்த மிஷினில் வேலை செய்ய மறுப்பது ஒழுங்கீனமாகாது என்ற ஒரு வரியை எழுத வைக்க ஒரு முழு அமர்வு போயிற்று. சந்தாவைச் சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை; ஆகவே இன்றும் சம்பள நாளில் ரசீதுப் புத்தகத்தோடு நிற்கிறோம்.

டிரெய்னிகள், கான்ட்ராக்ட் ஆட்கள் விவகாரம் ஒப்பந்தத்தில் வரவில்லை. 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்தவர் நிரந்தரமாவார் என்று தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் சொல்கிறது. அதன் கீழ் தொழிற்சாலை ஆய்வாளரிடம் இப்போது மனுக் கொடுத்து வருகிறோம். 480 நாட்களை நிரூபிக்கும் பொறுப்பு எங்கள் தலையில் விழுவதால், வருங்கால வைப்புநிதிக் கணக்கின் மாதாந்திரப் பதிவுகள், சம்பளச் சீட்டுகள், கேன்டீன் கார்டு, ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் மாற்றிக் கொடுத்த அடையாள அட்டைகள் ஆகியவற்றை ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கி, ஆளுக்கொரு உறையில் போட்டு வருகிறோம். பழைய அட்டையைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது தருவோம் என்று ஒப்பந்ததாரர் சொல்வார். கொடுக்கும் முன் இரு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறோம்.