ஸ்ரீநகருக்குப் போய் பனீர் சாப்பிடாதீர்கள்

அக்டோபரில் காஷ்மீர் போகிற நம்மூர்க்காரர்கள் சினார் மரத்தடியில் படம் எடுத்துக்கொள்கிறார்கள், தால் ஏரியில் ஒரு சுற்று வருகிறார்கள், மத்தியானம் ஏரிக்கரைச் சாலை ஓட்டல் ஒன்றில் பனீர் பட்டர் மசாலா சாப்பிட்டுவிட்டு ரூமுக்குத் திரும்புகிறார்கள். ஊர் வந்து இறங்கி இரண்டு நாள்கூட ஆகவில்லை, அந்த மெனு கார்டுகளை நினைத்தால் இன்னமும் எரிச்சலாக வருகிறது. வாசலுக்கு எதிரே ஏரி நிறையத் தாமரைக்கிழங்கும் ஹாக் கீரையும் நூல்கோலும் படகு படகாகப் போகின்றன. சைவம் என்று வாயைத் திறந்தால் பனீர், தால் மக்கனி, ஜீரா ரைஸ். விலையும் டெல்லி விலை.

வழி ஒன்றுதான். சமையலறை தருகிற ஹோம்ஸ்டேயாகப் பார்த்து எடுங்கள். அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை சரியான சமயம். முன்பதிவு செய்யும்போதே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: கேஸ் அடுப்பா, குக்கர் இருக்கிறதா? இண்டக்‌ஷன் மட்டும் இருக்கிற இடம் வேண்டாம், கரண்ட் போனால் சோறு இல்லை. குக்கர் ஏன் என்றால், ஸ்ரீநகர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,585 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ராஜ்மாவும் கிழங்கும் திறந்த பாத்திரத்தில் லேசில் வேகாது.

போகிற வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கையில் காசு குறைவு, நேரம் நிறைய என்றால் சென்னையிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸ், கன்னியாகுமரியிலிருந்து ஹிம்சாகர். இரண்டும் ஜம்முவுக்கு அடுத்துள்ள கட்ரா வரை போகும். அங்கிருந்து 2025 ஜூனில் தொடங்கிய வந்தே பாரத் ஸ்ரீநகரில் கொண்டுபோய் விடும். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: நம்மூர் ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். சிக்னல் இல்லையென்றால் ஜிபேயும் இல்லை. காய் வாங்க பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கையில் வைத்திருங்கள். ஐநூறு ரூபாயை நீட்டினால் சில்லறை இல்லை என்று சொல்லி இன்னும் இரண்டு கிலோ தலையில் கட்டிவிடுவார்கள்.

தால் ஏரிக்குள் நடக்கும் மிதக்கும் காய்கறிச் சந்தை விடியும் முன்பே கூடி, வெயில் ஏறுவதற்குள் கலைந்துவிடும். ஐந்து மணிக்கெல்லாம் ஷிகாரா என்ற துடுப்புப் படகில் ஏறிவிடுங்கள். ஸ்வெட்டர் மட்டும் போதாது, காதுக்குக் குல்லாய் வேண்டும். பேரம் முழுவதையும் கரையிலேயே முடித்துவிடுங்கள்: சந்தை வரை போய்த் திரும்ப மொத்தம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், நடுவில் கடை எதிலும் நிறுத்தக் கூடாது. இந்த மூன்றாவது நிபந்தனை மிக முக்கியம். எங்கள் படகுக்காரர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. திரும்பும் வழியில் சால்வைக் கடை, குங்குமப்பூக் கடை என்று வரிசையாக ஒதுக்கினார். கடைசியில் 'நேரம் கூடிவிட்டது' என்று மேற்கொண்டு பணமும் கேட்டார். கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை, பேசியதைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடலாம்.

அது மொத்த வியாபாரச் சந்தை. விவசாயிகள் படகில் கொண்டுவருவதைக் கடைக்காரர்கள் படகிலிருந்து படகுக்கு மாற்றி வாங்கிப் போவார்கள். அரைக் கிலோ கேட்டால் சிலர் முகம் திருப்பிக்கொள்வார்கள். சரக்கு தீரும் நேரத்தில், படகின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும்போது கேளுங்கள், கொடுப்பார்கள். அந்தக் காய்களில் கணிசமானவை தண்ணீர்மேல் விளைந்தவை. கோரையையும் நீர்ச்செடி வேர்களையும் பாயாகப் பின்னி, மேலே ஏரிச் சேற்றை அள்ளிப் போட்டுக் கழியில் கட்டிவைத்த மிதக்கும் தோட்டங்கள்.

முதலில் வாங்க வேண்டியது நத்ரு, அதாவது தாமரைக்கிழங்கு. நம் ஊரில் தாமரைத்தண்டு வத்தலாக வறுத்துச் சாப்பிடுகிறோமே, அதன் பச்சை வடிவம். கொக்கி வைத்த நீளக் கழியால் சேற்றுக்குள் துழாவி இழுத்து எடுக்கிறார்கள். இலையுதிர் காலத்தில்தான் கிழங்கு திரண்டு நிற்கும். காஷ்மீரின் இன்னொரு ஏரியான வூலரில் 1992 வெள்ளம் கொண்டுவந்த வண்டலில் மூடிப்போன தாமரை, தூர்வாரிய பிறகு இப்போது மறுபடி பூக்கிறது என்பது காய்கறிப் பிரியர்கள் எல்லோரும் கொண்டாட வேண்டிய செய்தி.

நத்ரு வாங்கும்போது இரண்டு முனையும் பாருங்கள். கணுவோடு மூடியிருக்க வேண்டும். நடுவில் ஒடிந்த துண்டு என்றால் உள்ளே ஓடும் துளைகளில் சேறு ஏறியிருக்கும், எவ்வளவு கழுவினாலும் பல்லில் நறநறக்கும். பருமனாக, வெளுப்பாக, அழுத்தினால் அமுங்காமல் இருப்பதே நல்லது. வீட்டுக்கு வந்ததும் கணுக்களை வெட்டித் தள்ளிவிட்டுத் தோலைக் கத்தியால் சுரண்டுங்கள். ஒவ்வொரு துண்டையும் குழாயடியில் நிமிர்த்திப் பிடித்துத் துளை வழியாகத் தண்ணீர் ஓட விடுங்கள். அடைத்திருந்தால் ஈர்க்குச்சி. பிறகு ஓர் அங்குலச் சாய்வுத் துண்டுகளாக நறுக்கி உடனே தண்ணீரில் போடுங்கள், வெளியே வைத்தால் கறுத்துப்போகும்.

யக்னி என்ற தயிர்க் குழம்புக்கு அரைக் கிலோ நத்ருவும் அரைக் கிலோ தயிரும். நத்ருவை உப்புத் தண்ணீரில் குக்கரில் மூன்று விசில் விட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கத்தி சுலபமாக இறங்க வேண்டும், ஆனாலும் கடித்தால் லேசாக மொறுமொறுக்கும். இந்தக் கிழங்கு உருளைக்கிழங்கு மாதிரி குழையவே குழையாது, குழையும் என்று காத்திருக்காதீர்கள். அதிகம் புளிக்காத தயிரை ஒரு டீஸ்பூன் அரிசி மாவோடு கட்டியில்லாமல் கடைந்து, கனமான பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பில் வைத்த நொடியிலிருந்து கொதி வரும்வரை கை எடுக்காமல் ஒரே பக்கமாகக் கிண்டுங்கள். பத்து, பன்னிரண்டு நிமிடம் ஆகும். நடுவில் விட்டால் தயிர் திரிந்துவிடும், திரிந்ததைச் சேர்க்க வழி கிடையாது. கொதித்த பிறகு பயமில்லை. அதற்குப் பிறகுதான் உப்பு, சோம்புத் தூள் இரண்டு டீஸ்பூன், சுக்குத் தூள் ஒரு டீஸ்பூன், தட்டிய கருப்பு ஏலக்காய் இரண்டு, பச்சை ஏலக்காய் நான்கு. வெந்த நத்ருவைப் போட்டு, அதை வேகவைத்த தண்ணீரில் கொஞ்சமும் விட்டு, சின்னத் தீயில் கால் மணி நேரம். நெய்யில் சீரகமும் கிராம்பும் தாளித்துக் கொட்டிக் காய்ந்த புதினாவைக் கசக்கித் தூவினால் முடிந்தது. மஞ்சள் கிடையாது, மிளகாய் கிடையாது. காஷ்மீர் இந்துக்களான பண்டிட் வீடுகளில் வெங்காயம், பூண்டும் இல்லை. முஸ்லிம் வீடுகளில் பிரான் என்ற சிறிய வெங்காயத்தைப் பொரித்து அரைத்துச் சேர்ப்பார்கள், அதுவும் அபாரம். சுடுசோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுப் பாருங்கள். தயிர்ச் சோற்றில் வளர்ந்தவர்களுக்கு இதைப் பிடிக்காமல் போக வாய்ப்பே இல்லை.

சமைக்க நேரமில்லாத நாளில் தால் ஏரிக்கரையில் இருக்கும் ஹஸ்ரத்பால் தர்கா பக்கம் போங்கள். நத்ருவை விரல் நீளக் குச்சிகளாக்கி அரிசி மாவில் புரட்டிப் பொரித்துத் தருவார்கள். நத்ரு மோஞ்ச் என்று பெயர். எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்ததை வாங்குங்கள், கால் மணி நேரத்தில் சவசவத்துவிடும். பார்த்தாலே கண்ணைப் பறிக்கிற சிவப்பில் இருந்தால் கலர்ப் பொடி, விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஹாக். முட்டைக்கோஸ் குடும்பத்துக் கீரை, ஆனால் உருண்டு கட்டாமல் இலையாகவே வளரும். காஷ்மீரிகளின் தினச் சாப்பாடு இதுதான், ஓட்டலில்தான் கிடைக்காது. ஒரு கிலோ வாங்கினால் நான்கு பேருக்குச் சரியாக இருக்கும், அவ்வளவு சுருங்கும். நான்கு மேசைக்கரண்டி கடுகெண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்சி இறக்கி, அரை நிமிடம் ஆறவிட்டுப் பெருங்காயம் போடுங்கள். புகையும் எண்ணெயிலேயே போட்டால் கருகிக் கசக்கும். எண்ணெயே சரியாகக் காயவில்லையென்றால் பச்சை வாடை கடைசி வரை போகாது. கடுகெண்ணெய் பிடிக்காது என்று சொல்கிற தமிழர்களில் பலர் சாப்பிட்டது இப்படிக் காயாத எண்ணெயைத்தான். மூன்று கப் தண்ணீர், உப்பு, கீறிய பச்சை மிளகாய் நான்கு. தளதளவென்று கொதிக்கும்போது இலைகளை நறுக்காமல் முழுதாகப் போட்டுக் கரண்டியால் அமுக்கிவிடுங்கள். மூடக் கூடாது, மூடினால் பச்சை நிறம் போய்ப் பழுப்பாகிவிடும். குக்கரில் வைப்பதென்றால் ஒரே விசில், உடனே பச்சைத் தண்ணீரைக் காட்டி ஆவியை இறக்கித் திறந்துவிடுங்கள். அந்தத் தண்ணீர்தான் குழம்பு, கொட்டிவிடாதீர்கள்.

நூல்கோலை அங்கே மோஞ்ச் ஹாக் என்று இலையோடு சேர்த்துச் சமைக்கிறார்கள். முறை மேலே சொன்னதேதான், கிழங்கு வில்லைகள் பாதி வெந்த பிறகு இலையைப் போட வேண்டும். நம் மார்க்கெட்டில் அந்த இலையைக் கிள்ளி எறிவதைப் பார்த்தால் இனி எனக்கு மனசு கேட்காது. டர்னிப்பும் ராஜ்மாவும் சேர்ந்த குழம்பும் உண்டு. நல்ல ருசி, ஆனால் ராஜ்மாவை முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும்.

சந்தையில் மஞ்சளாக, மேலே பஞ்சு ஒட்டிய பேரிக்காய் மாதிரி ஒரு பழம் இருக்கும். அதுதான் பம்ச்சூண்ட், சீமை மாதுளை. பச்சையாகக் கடித்தால் வாய் துவர்த்துச் சுருங்கும். அரைக் கிலோ கத்தரிக்காய்க்குக் கால் கிலோ பழம் கணக்கு. மிகக் கெட்டி என்பதால் கத்தி வழுக்கும், பாதியாகப் பிளந்து தட்டையான பக்கத்தைப் பலகையில் வைத்து நறுக்குங்கள். இரண்டையும் தனித்தனியாகக் கடுகெண்ணெயில் பொரித்து, காஷ்மீரி மிளகாய்த் தூள், சோம்பு, சுக்கு, பெருங்காயம் கரைத்த ஒரு கப் தண்ணீரில் சேர்த்து வற்றவிட்டால் புளியே இல்லாத புளிக்கறி. இது இந்த ஒரு பருவத்தில்தான் கிடைக்கும். பயணத்தில் சாப்பிட்டதிலேயே எனக்கு முதலிடம் இதற்குத்தான்.

ஊருக்கு வாங்கி வர உலர்ந்த காய்தான் உத்தமம். பனியில் நெடுஞ்சாலை அடைத்துக்கொள்ளும் மாதங்களுக்காகச் சுரைக்காய், கத்தரிக்காய், தக்காளியைக் கோடை முடிவிலிருந்தே காயவைக்கிறார்கள். நம் வத்தல் போல மோரில் ஊறவைப்பதில்லை, வறுப்பதுமில்லை. ஊறவைத்துக் குழம்பு வைப்பதற்கானவை. பழைய நகரக் கடைகளில் மாலை மாலையாகத் தொங்கும். ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள், படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, சென்னைக் காற்றில் பத்து நாளில் பூசணம் பிடிக்கும். சாலையோரத்தில் காய்ந்தது மண்ணாக இருக்கும், வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து மூன்று தண்ணீரில் அலசுங்கள். சுரைக்காய் வத்தலைப் பாசிப்பருப்போடும், கத்தரி வத்தலைப் புளி விட்டும் சமைக்கலாம்.

நத்ருவும் கொண்டு வரலாம். கணுவை வெட்டாமல், கழுவாமல், ஈரத்துணியில் சுற்றிச் செய்தித்தாளில் பொதிந்து பெட்டியில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் துணியை மாற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, நாலைந்து நாளுக்குள் சமைத்துவிடுங்கள்.