நிலாக் கோட்டை

நவம்பர் 3, காதங்கி, ஆந்திரா

இரவு 11. ஆய்வகத்தின் கூரைக் கதவைத் திறந்ததும் மேகங்களைத் தேடும் லேசரின் பச்சைக் கற்றை நேராக மேலே போனது. 17 கிலோமீட்டர் வரை சுத்தமான வானம். வேலூரிலிருந்து அம்மா போன். "நிலா கோட்டை கட்டியிருக்குடி. அகல் வட்டம் பகல் மழை. குடை எடுத்துட்டுப் போ."

உயரத்தில் சிர்ரஸ் என்ற மெல்லிய பனி மேகம் இருந்தால்தான் அந்த வட்டம் வரும், அறுகோணப் பனிப்படிகத்துக்குள் புகுந்த ஒளி 22 டிகிரி திரும்பி வெளியே வரும் என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். இங்கே மேலே ஒன்றுமே இல்லை. வேலூர் வானம் வேறாக இருக்கும்.

நவம்பர் 4

மழை இல்லை.

நவம்பர் 5

தூக்கம் போச்சு. 7.6 கிலோமீட்டரில் மெல்லிய படலம், அதில் பட்டுத் திரும்பும் சிக்னல் மட்டும் பளீரென்று.

நீரா, பனியா? லேசர் ஒரே தளத்தில் அதிரும் ஒளியை அனுப்புகிறது. உருண்டைத் துளி அதை அப்படியே திருப்பும்; படிகம் தளத்தையே மாற்றிவிடும். தளம் மாறிய ஒளியைப் பிடிக்கும் இரண்டாவது டிடெக்டரில் ஏறக்குறைய பூஜ்யம். அப்படியானால் நீர். அங்கே மைனஸ் 15 டிகிரி இருக்கும், அதனால் என்ன, பற்றிக்கொள்ளத் தூசி கிடைக்காத துளி மைனஸ் 38 வரைக்கும்கூட உறையாமல் தாங்கும். ஆனால் மைனஸ் 15ஐ ஒட்டித்தான் தட்டுப் படிகங்கள் செழிப்பாக வளரும். அவை படுத்தவாக்கில் மிதந்தால் கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பும். பார்க்க நீர் போலவே இருக்கும். இதற்காகத்தான் காலிப்ஸோ செயற்கைக்கோளின் லேசரையே 2007 நவம்பரில் 3 டிகிரி சாய்த்தார்கள். எங்களுடையது செங்குத்தாக மட்டும் பார்க்கும்.

9ஆம் தேதி இரவு 2 மணி வாக்கில் மேகங்களை அளக்கும் எர்த்கேர் செயற்கைக்கோள் பக்கத்தில் கடக்கிறது. அதன் 94 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்குப் பொடித் துளி தெரியாது, தட்டுப் படிகம் தெரியும். அன்றைக்கும் இந்தப் படலம் வரவேண்டும். வரட்டும்.

நவம்பர் 6

அம்மா இன்றும் வட்டம் என்கிறாள். இங்கே இன்றும் சிர்ரஸ் இல்லை.

நவம்பர் 7

திடீர்த் தூறல். கதவை மூடுவதற்குள் தொலைநோக்கிக் கண்ணாடியில் இரண்டு துளி. துணி படக்கூடாது. ரப்பர் பல்பால் ஊதி ஊதி, விளிம்பு சுருங்கி அவை மறையும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சார் ஒரு வார்த்தை பேசவில்லை.

நவம்பர் 8

"தெருவிளக்குக்கும் கோட்டை கட்டியிருக்குடி."

தெருவிளக்குக்கு எப்படி வரும்? எத்தனை நாளாம்மா என்றேன். தீபாவளிக்கு விளக்கு ஏற்றியபோதே ஒவ்வொரு சுடரையும் சுற்றி வட்டமாம். அழகாக இருந்ததாம், அதனால் சொல்லவில்லையாம். அவளிடம் நான் படிகத்தின் கோணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 9

1.40க்குத் தாழ்மேகம் மூடியது. ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. செயற்கைக்கோள் போய்விட்டது. அதே பாதைக்கு 25 நாள் ஆகும்: டிசம்பர் 4.

விடியற்காலை பஸ்ஸைப் பிடித்தேன்.

நவம்பர் 10, வேலூர்

டோக்கன் 43. கண்புரை, இரண்டு கண்ணிலும். வலது கண் முற்றிவிட்டது. டாக்டர் டார்ச் அடித்தபோது கண்பாப்பாவுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு படலம், நானே பார்த்தேன். அம்மா என் கையை விடவேயில்லை.

வலது கண்ணுக்கு ஆபரேஷன் டிசம்பர் 3.

நவம்பர் 11

சாரிடம் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 12, காதங்கி

இரவு 1.15. படலம் திரும்ப வந்திருக்கிறது. 7.4. இரண்டாவது டிடெக்டரில் இந்த முறை லேசாக