டொய்ங்: ஒரு லேத் நாட்குறிப்பு

செப்டம்பர் 14, 2025, ஞாயிறு

மகளின் ஏர் ரைஃபிளை இன்று கழற்றிவிட்டேன். ஒவ்வொரு முறை சுடும்போதும் உள்ளேயிருந்து 'டொய்ங்' என்று ஒரு சத்தம். "சுட்டதுக்கு அப்புறமும் கன்னத்துல அதிருதுப்பா" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குழாயை மடித்து லோடு செய்யும் ஸ்பிரிங் ரைஃபிள் இது. லோடு செய்யாதபோதும் உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கும். அதனால் தச்சரிடம் நீள கிளாம்ப் ஒன்று இரவல் வாங்கி, அதில் பிடித்துக்கொண்டுதான் பூட்டியிருக்கும் பின்னைத் தட்டினேன். ஸ்பிரிங் மூன்று விரற்கடை தூரம் தள்ளிக்கொண்டு வந்தது. மடியில் வைத்துக் கழற்றியிருந்தால் பல் போயிருக்கும்.

ஸ்பிரிங்கின் உள்விட்டம் 14.3 மி.மீ. அதற்குள் நிற்கும் இரும்பு கைடு 13.1. சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடம் கிடைத்தால் எந்த ஸ்பிரிங்தான் ஆடாது?

செப்டம்பர் 16, செவ்வாய்

புதுச்சேரிக்கு வேறு வேலையாகப் போனவன், அப்படியே லேத்தில் புதுக் கைடு கடைய 25 மி.மீ. டெல்ரின் ராடு ஒரு அடி வெட்டி வாங்கி வந்தேன். வெள்ளையாக, மெழுகு மாதிரி வழுக்கும் பிளாஸ்டிக். இரும்போடு உரசினாலும் கத்தாது.

வீட்டுக்கு வந்த மைத்துனன், "ஏன் மாமா, கழட்டுனதுதான் கழட்டுனீங்க, இன்னும் பவரா ஒரு ஸ்பிரிங் போட்டுடுங்களேன்" என்றான். மாட்டேன் என்றேன். 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் இருக்கும்வரை இதற்கு லைசென்ஸ் தேவையில்லை. அந்தக் கோட்டை நானே எதற்குத் தாண்டுவது? தவிர, பத்து மீட்டரில் இருக்கிற காகிதத்தைத் துளைக்க எவ்வளவு பவர் வேண்டும்! டிரிக்கர் கொக்கியையும் தொடப்போவதில்லை. அரம் ஒரு இழுப்பு கூடிப்போனால் ரைஃபிள் தானாக வெடிக்கும். பிடித்திருப்பது என் பெண்.

செப்டம்பர் 18, வியாழன்

மழை. கரண்ட் இல்லை. லேத் படுக்கையில் எண்ணெய்த் துணியை ஓட்டியதோடு சரி. எங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் உப்புக்காற்றுக்கு இரண்டு நாள் போதும், விரல் பட்ட இடமெல்லாம் செம்புள்ளி வைத்துவிடும்.

செப்டம்பர் 20, சனி

கைடு கடைந்தேன். கெடுத்தேன்.

முதலில் 9 மி.மீ. துளை. பிஸ்டன் தண்டு அதன் வழியாகத்தான் வந்து கொக்கியில் மாட்டும். பிறகு ராடின் மறுமுனையை டெயில்ஸ்டாக் சென்டரால் தாங்கி வெளிப்புறம் கடைந்தேன். டெல்ரின் சுருள் உடையவே உடையாது, இடியாப்பம் மாதிரி பிழிந்துகொண்டே வந்து, ராடைப் பிடித்துச் சுழற்றும் 'சக்'கைச் சுற்றிக்கொள்ளும். நிறுத்தி நிறுத்திக் கொக்கியால் இழுக்க வேண்டியிருந்தது. கையால் இழுக்கலாம் என்ற எண்ணம் வராதவரை நல்லது. சீக்கிரம் முடிக்கலாமென்று ஸ்பீடைக் கூட்டினேன். கண் எரிந்தது, சூடேறினால் டெல்ரின் அப்படி ஒரு நெடி விடும். அப்போதாவது புரிந்திருக்க வேண்டும்.

மைக்ரோமீட்டரில் 14.32. ஸ்பிரிங் திருகித் திருகித்தான் ஏறியது. மகளைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் அதே கைடு 14.24. ஸ்பிரிங் தொளதொளவென்று தானாக விழுகிறது. நேற்று நான் அளந்தது சூட்டோடு உப்பியிருந்த டெல்ரினை! இரும்பைவிடப் பல மடங்கு விரியும் பொருள் என்று எனக்குத் தெரியாததல்ல, அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை.

மாமனார் முப்பது வருடம் டர்னராக இருந்தவர். கைடைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "டூல் மூக்கைக் கூராக்குங்க மாப்பிள்ளை. கடைசி வெட்டை ராத்திரி ஆறவிட்டுட்டுக் காலையில எடுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

அவர் சொன்னபடியே புதிதாக ஒன்று கடைந்தேன். இன்று காலை 14.35, வேலை முடிந்து வந்து அளந்தாலும் 14.34. மாலிப் பசையை (மாலிப்டினம் கலந்த கிரீஸ்) விரல் நுனியில் தொட்டு ஸ்பிரிங்குக்கு மட்டும் பூசி மாட்டிவிட்டேன். பிஸ்டனுக்கு முன்னால் எண்ணெய் போனால் அமுங்கும் காற்றின் சூட்டில் அதுவே பற்றிக்கொண்டு டமாரென்று வெடிக்கும், புகையும் வரும்.

மொட்டைமாடியில் ஒரு பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) சுட்டேன். 'டப்.' அவ்வளவுதான். டொய்ங் இல்லை.

செப்டம்பர் 24, புதன்

சத்தம் போனது, சரி. அட்டையில் ஐந்து பெல்லட் துளைகளின் கூட்டம்? முன்பு 22 மி.மீ. அகலம், இப்போது 21. இதற்கா பத்து நாள்!

பத்து மீட்டர் ரைஃபிள் அட்டையில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். லேத்தில் அரை மில்லிமீட்டர் என்பது முதல் வெட்டில் முரட்டுத்தனமாக எடுக்கும் அளவு. 2019-இல் ரியோ துப்பாக்கி சுடும் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கிய இளவேனில் வாலறிவன் வளர்ந்தது அகமதாபாத்தில் என்றாலும் பிறந்தது கடலூரில்தான். அவர் படத்தை மகள் படிப்பு மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறாள். எங்கள் 21 மில்லிமீட்டரை அந்தப் படத்துக்கு எதிரே வைத்து அளக்கவே கூச்சமாக இருந்தது.

செப்டம்பர் 27, சனி

கண்டுபிடித்தது நானில்லை, அவள். "அப்பா, இந்த ஸ்க்ரூ நேத்து நேரா இருந்துச்சு, இப்ப சாய்ஞ்சிருக்கு." முன்கட்டையின் பக்கவாட்டு ஸ்க்ரூ. கழற்றினால் அடியில் பல் நசுங்கிய வாஷர், அதன்கீழே மரத்தில் குழி. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்க்ரூ மரத்துக்குள் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. எத்தனை முறை முறுக்கினாலும் இருபது பெல்லட்டில் தளர்ந்துவிடும்.

பித்தளைத் துண்டு ஒன்று கிடந்தது. 12 மி.மீ. விட்டம், நடுவில் ஸ்க்ரூ தலை உட்காரக் கிண்ணம் போல ஒரு குழிவு. இரண்டு வாஷருக்கும் சேர்த்து அரை மணி நேரம். பித்தளை சமர்த்து, பொடிப்பொடியாக உதிர்ந்தது.

மணல் மூட்டைமேல் கை, கைமேல் ரைஃபிள். நாற்பது பெல்லட் சுட்டபிறகும் ஸ்க்ரூ அசையவில்லை. கடைசி ஐந்தின் அகலம் 13.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. லேத்துக்கு, வெர்னியர் பெட்டிக்கு, மனைவியின் தையல் மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம். ரைஃபிளையும் மகள் கொண்டுவந்து வரிசையில் வைத்தாள். "துப்பாக்கிக்கா பொட்டு?" என்று மாமியார் முகம் சுளித்தார். "ஆயுதம்னு பேரே வச்சிருக்காங்க பாட்டி" என்றாள். கெட்டுப்போன முதல் கைடைத் தூக்கிப்போட மனமில்லாமல் டூல் டப்பாவில் போட்டிருந்தேன். அதற்கும் ஒரு பொட்டு வைத்திருக்கிறாள், கேலியாகத்தான்.

பொரி தின்றுகொண்டே ஒரு தாளை நீட்டினாள். முன் சைட்டுக்கு வளையம், நடுத்துளை 3.8 மி.மீ., படம் போட்டு அளவெல்லாம் எழுதியிருந்தாள். "இன்னிக்கு லேத்தைத் தொடக் கூடாது" என்றேன். "தெரியும்ப்பா. ராடு இருக்கான்னு மட்டும் பாருங்க."

பார்த்தேன். இருக்கிறது.