விளக்கு எரிந்தால் நாங்களும் உட்கார வேண்டும்

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கணக்கு ஒன்று உண்டு. 2009 முதல் 2022 வரை அந்நாட்டு விமானங்களில் டர்புலன்ஸால், அதாவது காற்றுக் கொந்தளிப்பில் விமானம் குலுங்கியதால், பலத்த காயம் அடைந்தவர்கள் 163 பேர். அதில் 34 பேர்தான் பயணிகள். மீதி 129 பேர் விமான ஊழியர்கள். கேபினில் பணிப்பெண்ணாக வேலை பார்க்கும் எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. விமானம் திடீரென்று இறங்கும்போது பெல்ட் போட்டவர் சீட்டோடு சேர்ந்து இறங்குகிறார். நின்றுகொண்டிருப்பவரின் தலை கூரையில் முட்டுகிறது, அப்புறம் அதே வேகத்தில் தரையில் வந்து விழுகிறார். கணுக்காலும் முதுகெலும்பும் போவது அப்படித்தான்.

வங்காள விரிகுடாவுக்கு மேலே, மழைக்காலத்தில், என் கண்ணெதிரே அது நடந்தது. என்னுடன் பின்கோடியில் இருந்த பெண் வேலைக்குப் புதிது. சாப்பாட்டுத் தட்டுகளை ட்ராலிக்குள் தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். வால் பகுதிதான் எப்போதும் அதிகமாக ஆடும். தரை ஒரு நொடி காலுக்குக் கீழே இல்லை. அவள் விழுந்தபோது வலது ஷூ பக்கவாட்டில் திரும்பியிருந்தது, கால் உள்ளேதான் இருந்தது. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் முதலில் கேட்டது, "அக்கா, ட்ராலிக்கு பிரேக் போட்டாச்சா?" நிறைய ஏற்றிய ட்ராலி ஓர் ஆளைவிடக் கனமானது, உருண்டால் அடுத்த காயம் அதனால்தான். கடைசி வரிசையில் இருந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். மூன்று சீட்டில் அவளைப் படுக்க வைத்து, காலைச் சுற்றித் தலையணை வைத்துக் கட்டி, இரண்டு பெல்ட்டால் பிணைத்து இறங்கினோம்.

அவள் ஏன் நின்றுகொண்டிருந்தாள்? சீட் பெல்ட் விளக்கு ஏற்கனவே எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அது பயணிகளுக்கு என்றுதான் எங்கள் விமானங்களில் பழக்கம். கேப்டன் தனியாகச் சொன்னால்தான் நாங்கள் உட்காருவோம். நாலு மணி நேரத்துக்குள் சாப்பாடு, டீ, விற்பனை, தட்டு எடுப்பது எல்லாம் முடிந்தாக வேண்டும். அவள் கால் உடைந்ததற்குக் காற்றை மட்டும் குறை சொல்ல என்னால் முடியாது.

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் எஸ்கியூ 321 மியான்மருக்கு மேலே குலுங்கியது. பெல்ட் விளக்கைப் போட்டதாக விமானி சொல்லி 8 விநாடியில் அந்தப் பெரிய ஆட்டம் ஆரம்பித்தது. 4.6 விநாடியில் விமானம் 178 அடி இறங்கியது என்று முதற்கட்ட விசாரணை சொன்னது. 8 விநாடியில் சுடுநீர்க் குடுவையை இறக்கி, ட்ராலியைப் பூட்டி, ஊழியர்களுக்கான மடக்கு இருக்கையான ஜம்ப் சீட் வரை ஓடிப் பெல்ட் போட யாராலும் முடியாது. அதற்குப் பிறகு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், விளக்கு எரிந்தால் சாப்பாடு பரிமாறுவதையும் நிறுத்தி ஊழியர்களும் உட்கார வேண்டும் என்று மாற்றியது. கொரியன் ஏர் இகானமியில் கொதிநீர் ஊற்றிக் கொடுக்கும் கப் நூடுல்ஸையே நிறுத்திவிட்டது. சரியான முடிவுகள். கால் உடைவதற்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டியவை.

இப்போது நான் பொறுப்பில் இருக்கும்போது வானம் கறுத்தால் பரிமாறுவதை நிறுத்திவிடுகிறேன். டீ வரவில்லை என்று புகார் வருகிறது, வரட்டும். ஒருமுறை ஜன்னலோரம் இருந்த பாட்டி ஒருவர், தடுமாறிய எங்கள் பணிப்பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து, "இங்க உக்காரும்மா, அப்புறமா டீ குடிச்சுக்கலாம்" என்று பக்கத்துக் காலி சீட்டில் உட்கார வைத்தார். பயிற்சியில் எங்களுக்குச் சொல்வதும் அதுதான்: கிடைத்த சீட்டில் உட்கார், இல்லையென்றால் தரையில் உட்கார்ந்து சீட்டின் காலைப் பிடித்துக்கொள். உங்கள் அருகே யாராவது அப்படித் தரையில் உட்கார்ந்தால், தயங்காமல் அவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.