முகப்பருவும் மருந்து போட்டுக் காத்திருந்த மாதங்களும்

"இந்த வயசுல வர்றதுதான், தானா போயிடும்" என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நிறைய பேருக்கு அப்படித்தான் போகிறது. ஆனால் 15 வயதில் எனக்குத் தாடையோரம் வந்ததெல்லாம் தோலுக்கு அடியில் கெட்டியாக உட்கார்ந்துகொள்ளும் பருக்கள். தலையணையில் கன்னம் பட்டாலே வலிக்கும். வற்றும்போதும் சும்மா வற்றாமல் ஒரு குழியை விட்டுவிட்டுப் போகும். அந்தக் குழியைப் பார்த்ததும் அம்மா, "இதுக்கு மேல பொறுக்க வேண்டாம், டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்றார். குழி விழும் பருவுக்கு அந்த அவசரம் தேவைதான். பரு போனாலும் பள்ளம் தங்கிவிடும்.

அதற்குள் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லியிருந்தார்கள். பற்பசை தடவு, எலுமிச்சை தேய், ஸ்கிரப் போடு. பற்பசையும் எலுமிச்சையும் தோலை எரியவைக்கும் பொருள்கள், ஸ்கிரப் இருக்கிற வீக்கத்தைக் கிளறிவிடும். எல்லாவற்றையும்விட எனக்கு வலித்தது, "முகத்தைச் சுத்தமா வச்சுக்கோ" என்ற பேச்சு.

தோல் மருத்துவர் அந்தப் பேச்சை முதல் நாளே முடித்துவைத்தார். பதின்பருவத்தில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடும்போது எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாகச் சுரக்கின்றன. உதிர வேண்டிய செத்த செல்கள் அந்த எண்ணெயோடு சேர்ந்து மயிர்த்துளையை அடைக்கின்றன. அடைப்புக்குள் பாக்டீரியா பெருக, சிவந்து வீங்குகிறது. கரும்புள்ளியின் கறுப்புகூட அழுக்கு கிடையாதாம். தேய்த்துக் கழுவுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை, மென்மையான ஃபேஸ்வாஷால் நாளுக்கு இரண்டு முறை போதும் என்றார். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

அப்புறம் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி: "யாராவது கொடுத்த வெள்ளை க்ரீம் ஏதாவது போடுறியா?" ஸ்டீராய்டு கலந்த க்ரீம்கள் சில நாள் முகத்தைப் பளிச்சென்று காட்டிவிட்டுப் பருவை இன்னும் மோசமாக்கும், தோலையும் மெலிய வைக்கும் என்று விளக்கினார்.

எனக்குக் கொடுத்தது காலையில் 2.5% பென்சாயில் பெராக்சைடு, இரவில் 0.1% அடாபலீன் ஜெல், கூடவே கொஞ்ச காலத்துக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை. மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது. இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கவைக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனாலும் நீலத் துண்டில் என் கைவிரல் அளவுக்கு ஆரஞ்சுத் திட்டுகள் விழுந்தபோது அம்மா பதறிவிட்டார். அதன்பிறகு முகம் துடைக்க வெள்ளைத் துண்டுதான்.

அடாபலீனைப் பருவின் மேல் மட்டும் வைக்கக் கூடாது. இன்று வெளியே தெரியும் பரு பல வாரங்களுக்கு முன்பே உள்ளே தொடங்கிவிட்டது. இந்த ஜெல் இனி வரப்போகிறவற்றுக்கானது. அதனால் ஒரு பட்டாணி அளவு எடுத்து, நன்றாக உலர்ந்த முகத்தில் நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை எனப் புள்ளி வைத்து மெல்லிசாகப் பரப்ப வேண்டும். கண்ணோரம், உதட்டோரம் விட்டுவிட வேண்டும். அதிகம் போட்டால் சீக்கிரம் குணமாகாது, தோல்தான் உரியும்.

ஆரம்ப வாரங்கள் கஷ்டமாகத்தான் இருந்தன. வாயோரம் தோல் உரிந்தது, வெந்நீர் பட்டால் சுரீர் என்றது, புதிதாகவும் சில பருக்கள் கிளம்பின. பார்க்கிறவர்கள் எல்லாம், "மருந்து போட்டப்புறம்தான் அதிகமாயிருக்கு, நிறுத்திடு" என்றார்கள். பெரும்பாலானவர்கள் மருந்தை விடுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். மருத்துவரிடம் திரும்பிப் போனதும் ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார், முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் ஜெல். எரிச்சல் அடங்கியது. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும் என்று அவர் காலண்டரைக் காட்டிச் சொன்னது பெரிய பிடிமானம்.

அந்தச் சந்திப்பில்தான் அவரிடம் இன்னொன்றையும் சொன்னேன்: வெளியே போகவே பிடிக்கவில்லை, யாராவது நேராகப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். சொல்லலாமா என்று தயங்கியிருந்தேன். அவர் அதையும் என் சீட்டில் எழுதிக்கொண்டார். சிகிச்சையை முடிவுசெய்ய அதுவும் வேண்டும் என்றார். உங்கள் மருத்துவரிடமும் கட்டாயம் சொல்லுங்கள்.

தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. அக்கா ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் அவ்வப்போது படம் எடுத்து வைத்தாள். அவற்றை வரிசையாகப் பார்த்தபோது தாடையில் புதிய கட்டி எதுவும் இல்லை. சரி, மருந்து வேலை செய்கிறது!

மிச்சம் இருந்தவை பழுப்புத் தடங்கள். நம் நிறத் தோலில் பரு வற்றிய இடம் கறுத்துப் பல மாதம் நிற்கும், வெயில் பட்டால் இன்னும் தங்கும். அதனால் சன்ஸ்கிரீனை விடவில்லை. மாத்திரையை நீண்ட காலம் தொடர்ந்தால் பாக்டீரியா அதற்குப் பழகிவிடும் என்பதால் அதை நிறுத்திவிட்டார்கள். கட்டுப்படாமல் போயிருந்தால் ஐசோட்ரெட்டினாயின் என்ற மருந்து அடுத்த படியாக இருந்தது. ரத்தப் பரிசோதனையோடு மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் எடுக்க வேண்டியது, கர்ப்ப காலத்தில் அறவே கூடாது. எனக்கு அது தேவைப்படவில்லை. அடாபலீன் மட்டும் இரவில் தொடர்கிறது, நிறுத்தினால் அடைப்புகள் மறுபடி தொடங்கலாம் என்பதால். தாடையில் இருக்கும் குழிகளுக்கு என்ன செய்யலாம் என்பதை, பரு முழுக்க அடங்கிய பிறகு பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.