"நிமிர்ந்து உட்காரு" என்றால் எல்லாக் கூனும் நிமிராது

யாராவது கொஞ்சம் கூனி உட்கார்ந்தால் போதும், சுற்றி இருக்கிற எல்லோரும் "நிமிர்ந்து உட்காரு" என்று சொல்லிவிடுவார்கள். சில பேருக்கு அது பலிக்கும். சில பேரால் என்ன முயன்றாலும் நிமிர முடியாது, அவர்களைத் திட்டுவதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம்.

மேல்முதுகில் வளைவு இருப்பது இயல்புதான். அங்குள்ள 12 முள்ளெலும்புகளும் சேர்ந்து சுமார் 20 முதல் 40 டிகிரி வரை வளைந்திருக்கும். நிற்க வைத்துப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்து அளப்பார்கள். அதைவிடத் தெளிவாகக் கூடினால்தான் கைபோசிஸ், அதாவது கூன்முதுகு.

வளரும் பிள்ளைகளிடம் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும்போது வளைவு நேராகிறதா? நேரானால் பெரும்பாலும் உட்காரும் பழக்கத்தால் வந்தது, முதுகுத் தசைக்கு வலுவும் நெஞ்சுத் தசைக்கு நீட்டலும் கொடுக்கும் பயிற்சிகளை விடாமல் செய்தால் சரியாகும். வளைவு விறைப்பாக அப்படியே இருந்தால் அது ஷூவர்மன் நோயாக இருக்கலாம். டென்மார்க் மருத்துவர் ஹோல்கர் ஷூவர்மன் 1920-ல் விவரித்தது இது. முள்ளெலும்பின் முன்பக்கம் பின்பக்கத்துக்குச் சமமாக வளராமல் ஆப்பு மாதிரி ஆகிவிடும், அடுத்தடுத்து மூன்று எலும்புகளாவது, ஒவ்வொன்றும் 5 டிகிரிக்குக் குறையாமல் இப்படி இருந்தால்தான் அந்தப் பெயர் வைப்பார்கள். எலும்பே அப்படி வளர்ந்திருக்கும்போது பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லி என்ன பயன்? வளர்ச்சி பாக்கி இருந்தால் முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் பிரேஸ் போடுவார்கள், வளைவு 75 டிகிரி வாக்கில் போய், வலியும் அடங்காவிட்டால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள்.

(ஆன்லைனில் விற்கும் தோள்பட்டை பெல்ட் அந்த பிரேஸ் இல்லை. போட்டிருக்கும்வரை நிமிர்த்தும், தசைக்கு வலு தராது.)

வயதானவர்கள் கதை வேறு. எலும்பு அடர்த்தி குறைந்து, விழாமலேயே முள்ளெலும்பு நொறுங்கி, வலிகூடப் பெரிதாக இல்லாமல் கூன் விழும். உயரம் 4 செ.மீ. குறைந்துவிட்டது என்றால் "வயசாச்சு" என்று விடாமல் எலும்பு அடர்த்தி பார்த்துவிடுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது. அப்புறம், அவர்களைக் குனிந்து கால்விரலைத் தொடச் சொல்லாதீர்கள், இன்னொரு எலும்பு நொறுங்க அதுவே போதும்.

காய்ச்சலோடு எடை குறைந்து, முதுகில் ஒரே இடத்தில் கூர்மையாகப் புடைத்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும். கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ பயிற்சியை எல்லாம் நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.