மூணு நாளா 'தோ பார்'னு சொன்னான்

என் டேபிள் டிராயர்ல ஒரு காட்டன் கிளவுஸ் வச்சிருக்கேன். வலது கை கிளவுஸ், ஆள்காட்டி விரல் நுனி மட்டும் அப்பளம் மாதிரி நசுங்கி, கிரீஸ் ஏறி கருத்துப் போய் கெடக்கு. நல்லவேளை, நசுங்குனப்ப உள்ள விரல் இல்ல. கைய அரை செகண்ட் முன்னாடி இழுத்துட்டான்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்ல சேஃப்டி ஆபீசரா இருக்கேன். பவர் பிரஸ் தெரியாதவங்களுக்கு சொல்றேன், அது இரும்புத் தகட்ட அடிச்சு பீஸாக்குற மெஷின், பெடல ஒரு தடவை மிதிச்சா ராம், அதாவது மேலேர்ந்து இறங்கி அடிக்கிற பாகம், ஒரே ஒரு தடவை இறங்கி மேல போய் நின்னுடணும், கிளட்ச்சோ பிரேக்கோ தேய்ஞ்சிருந்தா நிக்காம தானாவே இன்னொரு அடி அடிக்கும், அதுலதான் விரல் போகும், ஏன்னா முதல் அடி முடிஞ்சுதுன்னு நம்பி பீஸ எடுக்க கை உள்ள போயிருக்கும்.

மெஷின்ல நின்ன பையன் ஒடிசாக்காரன், காண்ட்ராக்ட். என்கொயரில உக்கார வச்சு, தமிழ் தெரிஞ்ச இன்னொரு பையன விட்டு கேட்டேன். "மூணு நாளா சொல்லிட்டுத்தான் இருந்தேன்"னான். சூப்பர்வைசரும் இல்லன்னு சொல்லல. "ஆமா சார், 'தோ பார், தோ பார்'னு கூப்டான், போய் பாத்தேன், மெஷின் நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு"ன்னார்.

இந்தில தோ பார்னா ரெண்டு தடவை. ரெண்டு தடவை அடிக்குதுன்னு அவன் சொல்லியிருக்கான், உள்ளங்கைய கவுத்து ரெண்டு தடவை இறக்கியும் காட்டியிருக்கான். இவர் காதுல அது 'இதோ பாரு'ன்னு விழுந்திருக்கு. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

சூப்பர்வைசர் மேல மட்டும் பழி போட எனக்கு மனசு வரல. தினமும் காலைல வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் டூல் பாக்ஸ் டாக்னு பாதுகாப்பு பத்தி பேசுறது நான்தான், தமிழ்லதான் எடுப்பேன், லைன்ல பாதிப் பேருக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனா முடிஞ்சதும் ரெஜிஸ்டர்ல எல்லாரும் கையெழுத்து போட்டுருவாங்க, ஆடிட்ல அந்த கையெழுத்துதான் எங்கள பாஸ் பண்ண வச்சுது. அது என் தப்பு.

போபால்ல விஷவாயு கசிஞ்ச 1984 டிசம்பர் 2 ராத்திரி 11.30 மணி வாக்குலயே கண்ணு எரியுதுன்னு தொழிலாளிங்க சொல்லியிருக்காங்க, டீ குடிச்சிட்டு பாத்துக்கலாம்னு தள்ளிப் போயிருக்கு. அதுக்கப்புறம்தான் 1987ல ஃபேக்டரீஸ் ஆக்ட்ட திருத்தி, ஆபத்தான வேலை நடக்குற இடத்துல நிர்வாகமும் தொழிலாளிங்களும் சம எண்ணிக்கைல உக்கார்ற சேஃப்டி கமிட்டி வேணும், ஆபத்துன்னு தோணுனா தொழிலாளியே நேரா இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லலாம்னு கொண்டு வந்தாங்க. சட்டம் இவ்ளோ தெளிவா எழுதியிருக்கு, ஆனா எங்க லைன்ல ஒருத்தனுக்கும் இது தெரியாது, யாரும் சொல்லவே இல்ல.

இப்ப டாக் எடுக்குறது நான் இல்ல. வாரத்துல ரெண்டு நாள் ஒடிசா பையன், ரெண்டு நாள் பீகார் பையன், மத்த நாள் நம்ம ஊரு ஆள். நான் பேர் சொல்லி ஒவ்வொருத்தரையும் "நேத்து உன் மெஷின்ல எது பயமா இருந்துச்சு"ன்னு மட்டும் கேப்பேன். முதல் ரெண்டு வாரம் யாரும் வாயே தெறக்கல. மெஷின நிறுத்துனா கவுன்ட் குறையும், கவுன்ட் குறைஞ்சா திட்டு விழும், அப்புறம் எவன் பேசுவான்? ஒரு நாள் ஒருத்தன் சத்தம் வித்தியாசமா இருக்குன்னு எமர்ஜென்சி ஸ்டாப்ப அமுக்கிட்டான், செக் பண்ணதுல ஒண்ணும் இல்ல, முக்கால் மணி நேரம் புரொடக்‌ஷன் போச்சு. புரொடக்‌ஷன் மேனேஜர் எறங்கி வந்தார், எல்லாரும் கத்தப் போறார்னு நினைச்சுட்டு நிக்கிறோம், நேரா அவன்கிட்ட போய் கை குடுத்து "இதேமாதிரி நிறுத்து"ன்னு சொல்லிட்டு போனார். நான் மாசக்கணக்குல பேசி நடக்காதது அந்த ஒரு நிமிஷத்துல நடந்துச்சு, மறுநாள்லேர்ந்து நியர் மிஸ் சீட்டு, அதாவது மயிரிழைல தப்புனத எழுதிக் குடுக்குற சீட்டு, வர ஆரம்பிச்சுது.

ஹவுஸ்கீப்பிங் அக்காங்கள டாக்குக்கு கூப்பிடுற வழக்கமே இல்ல. கூப்பிட்டதும் ஒரு அக்கா சொன்னாங்க, "அஞ்சாம் நம்பர் பிரஸ்ஸுக்கு அடில தினமும் காலைல மரத்தூள் போட்டுத்தான் சார் பெருக்குறேன், ஆறு மாசமா." ஆயில் லீக். ஆறு மாசமா அத தினமும் பாத்தது அவங்க மட்டும்தான், மெயின்டனன்ஸ் ரெஜிஸ்டர்ல அந்த மெஷினுக்கு எல்லாமே ஓகேன்னு டிக். அன்னிக்கே சீல் மாத்துனோம். அவங்களுக்கு குடுத்த ஷூ ஆம்பளைங்க சைஸ், முன்னாடி துணி சுருட்டி வச்சு போட்டுட்டு இருந்தாங்கங்கறதும் அன்னிக்குத்தான் எனக்கு தெரிஞ்சுது.

கமிட்டி லிஸ்ட் புதுசு பண்ணப்ப அந்த அக்கா பேரையும் கிளவுஸ் பையன் பேரையும் எழுதிக் குடுத்தேன். காண்ட்ராக்ட் ஆளுங்கள எப்படி சேர்க்குறதுன்னு ஹெச்ஆர்ல கேட்டாங்க, ஃபைல் அங்கயே நிக்குது. திங்கக்கிழமை பிளான்ட் ஹெட்டோட மீட்டிங் இருக்கு. கிளவுஸ கைல எடுத்துட்டுத்தான் போறேன்.